பூட்டின் கண்ணில் சந்தனம்

விஜயதசமியன்று காலை பத்தரை மணிக்குத் தொழிற்சாலை வாசலில் உடைத்த பூசணிக்காயைப் பெருக்கித் தள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார் நாச்சிமுத்து. அப்போதுதான் சபாபதியின் அழைப்பு வந்தது. எட்டு நாளில் இடைத்தேர்தல், சபாபதி வேட்பாளர். வேட்பாளர் குரலில் இருக்க வேண்டிய தெம்பு அந்தக் குரலில் இல்லை.

"நாச்சி, காளிங்கபாளையம் பள்ளிக்கூடத்துல நம்ம துப்பாக்கி வெடிச்சிருச்சு. ஒரு பொம்பளப் புள்ள செத்துப்போச்சு. நீ உடனே கெளம்பி வா."

"யாரு சுட்டது?"

"ஏழு வயசுப் பையன்."

"அது நடக்காதப்பா" என்றார் நாச்சிமுத்து.

அப்படி அடித்துச் சொல்ல அந்த வட்டாரத்தில் ஒருவருக்குத்தான் தகுதி இருந்தது. அந்தத் துப்பாக்கியைச் செய்தவரே அவர்தான். 'அரண்' என்று பெயர். கைப்பிடியில் மிளகு அளவுக்கு ஒரு கண் வைத்திருந்தார். பிடிக்கும் உள்ளங்கையில் ஓடும் நரம்புகளை அந்தக் கண் பார்க்கும். உரிமையாளரின் கை என்றால் பூட்டுத் திறக்கும். திருடன் எடுத்தாலும் குழந்தை எடுத்தாலும் அது வெறும் இரும்புதான். பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து எட்டு மாதத்தில் பதினோராயிரம் போயிருந்தது. ஒருவர் துப்பாக்கி இன்னொருவர் கையில் ஒரு தடவைகூட வெடித்ததில்லை.

அந்தப் பூட்டை நம்பித்தான் அரசாங்கமே இறங்கி வந்தது. பத்தாண்டு சோதனைக்கென்று அந்தத் தாலுகாவைத் 'தன்னுரிமை வட்டம்' என்று அறிவித்தார்கள். போலீஸும் நீதிமன்றமும் சாலையும் அரசாங்கத்துடையவை, மற்றதெல்லாம் ஜனங்கள் பாடு. துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம், பூட்டு இருந்தால் போதும். அரசுப் பள்ளிகளை மூடிவிட்டுப் பிள்ளைக்கு ஒரு கல்விச் சீட்டுக் கொடுத்தார்கள். பெற்றவர்கள் பார்த்துப் பிடித்த இடத்தில் சீட்டைக் கொடுத்துப் படிக்க வைக்கலாம். இதற்காக இருபது வருடம் தொண்டை கிழியக் கத்தியது தன்னுரிமைக் கட்சி. கூட்டம் போட்டால் மைக்செட்காரரையும் சேர்த்து ஒன்பது பேர் வந்த கட்சி அது. இரண்டு தேர்தலில் டெபாசிட் போனது. இந்தத் தடவை கருத்துக்கணிப்பில் முப்பத்தெட்டு சதவீதம் வாங்கி முன்னால் நின்றது. சபாபதி ஜெயித்தால் வட்டம் நிலைக்கும், மாவட்டம் முழுக்கப் பரவும். தோற்றால், ஜனங்களே வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று சொல்லி எதிர்த்தரப்பு மறுநாளே கலைக்க வைத்துவிடும்.

பள்ளிக்கூடம் ஒரு பழைய பனியன் கம்பெனிக் கட்டடத்தில் நடந்தது. முப்பத்தொன்பது பிள்ளைகள், ஒரே ஆசிரியை. பூங்கோதை டீச்சர் அரசுப் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்தியவர். பள்ளியை மூடியதும், வேறெந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகளைக் கூட்டி வந்து இங்கே உட்கார வைத்துவிட்டார். நாச்சிமுத்து போனபோது அவர் வராண்டா ஓரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண் போலீஸ் நின்றிருந்தார். உள்ளே தரையைக் கழுவியிருந்தார்கள். கறை சரியாகப் போகவில்லை.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் நேற்றைய பூஜை அப்படியே இருந்தது. பொரி, கடலை, வாழையிலை, அடுக்கிய புத்தகங்கள். அளவுகோல், காம்பஸ் பெட்டி, பாடம் காட்டும் திரை, எல்லாவற்றிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜையன்று படிக்கக் கூடாது என்று புத்தகத்தைச் சாமியிடம் வைத்துவிட்டு, மறுநாள் காலை எடுத்து முதல் பாடம் படிப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். பிள்ளைகள் புத்தகம் எடுக்க ஆசையாக ஓடி வந்திருக்கிறார்கள். ஒரு பையனின் கணக்குப் புத்தகத்துக்கு மேலே, பூஜையில் வைத்த டீச்சரின் துப்பாக்கி இருந்திருக்கிறது. அதை நகர்த்தி வைக்கத் தூக்கியிருக்கிறான். எதிரில் குனிந்துகொண்டிருந்தவள் தாரகை. ஒன்பது வயது.

நாச்சிமுத்து கையுறை போட்டுத் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தார். கைப்பிடியில் அந்தக் கண்ணுக்கென்று அவர் போட்டிருந்த வட்டமான சின்னக் குழி, பொட்டு வைக்கவென்றே செய்ததுபோல இருந்தது. அதில் டீச்சர் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் இட்டிருந்தார். காய்ந்து கெட்டியாகியிருந்தது. கருவியை இணைத்துத் துப்பாக்கியின் நினைவைப் படிப்பதற்கு முன்பே அதில் என்ன எழுதியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

பூட்டின் விதியை எழுதியவர் அவர்தான். கண் மணிக்கொரு தடவை சின்ன வெளிச்சம் அடித்துத் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். ஆறு மணி நேரம் தொடர்ந்து அந்த வெளிச்சம் அடைபட்டே இருந்தால் கண் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யும். கண் கெட்டால் பூட்டு நிரந்தரமாகத் திறந்துவிடும். தொழிற்சாலையில் கொண்டு வந்து சரிசெய்கிறவரை எந்தக் கைக்கும் அது சுடும். "கெட்டா பூட்டியே இருக்கட்டுமேங்க சார்" என்று கூட வேலை செய்த பெண் ஒருத்தி அன்றைக்கே கேட்டாள். நாச்சிமுத்து ஒத்துக்கொள்ளவில்லை. உயிருக்குப் போராடுகிறவன் கையில் துப்பாக்கி செத்துப்போகக் கூடாது என்றார். அவர் அப்படிச் சொன்னால் அந்த ஊரில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

காரணம் இருந்தது. அவருடைய அப்பாவும் அம்மாவும் தோட்டத்து வீட்டில் தனியாகக் குடியிருந்தவர்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு தோட்டத்தில் களவு போன பிறகு அப்பா துப்பாக்கி உரிமத்துக்கு எழுதிப் போட்டார். வி.ஏ.ஓ. அறிக்கை, தாசில்தார் அறிக்கை, போலீஸ் அறிக்கை என்று பதினான்கு மாதம் நடையாய் நடந்தார். பதினைந்தாவது மாதம் நான்கு பேர் சுவரேறி வந்தார்கள். அம்மாவின் காதை அறுத்துத் தோட்டை எடுத்திருந்தார்கள். அப்பா கையில் ஒரு மண்வெட்டிப் பிடி இருந்தது. காரியம் முடிந்த மறுநாள் உரிமம் தபாலில் வந்தது.

சேறு, கிரீஸ், கோழி ரத்தம், எல்லாவற்றையும் அந்தக் கண்ணில் பூசிச் சோதித்தவர்தான் நாச்சிமுத்து. எது பட்டாலும் வைத்திருக்கிறவன் ஒரு நிமிடத்தில் துடைத்துவிடுவான். கண்ணை மூடிய துப்பாக்கியை ராத்திரி முழுக்க ஒரு கையும் தொடாமல் யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்தார். வருடத்தில் ஒரே ஒரு நாள் இந்த நாடே அப்படித்தான் வைக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் முப்பது வருடமாக லேத்துக்கும் டிரில்லுக்கும் தன் கையாலேயே சந்தனம் வைக்கிறவர் அவர்.

வராண்டாவுக்கு வந்து டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். டீச்சர் திரும்பாமலே பேசினார்.

"எனக்கு வேண்டாம்னுதானுங்க சொன்னேன். பெத்தவங்க கூட்டம் போட்டு ஓட்டெடுத்தாங்க. ஒத்தப் பொம்பள, ரோட்டோரக் கட்டடம், யாராவது உள்ள வந்துட்டா என்ன பண்ணுவீங்கன்னாங்க. முப்பத்தொம்போது பேர்ல முப்பத்தேழு பேர் கையத் தூக்குனாங்க. தாரகையோட அப்பாவுந்தானுங்க. குண்டு போட்டுத்தான் வெச்சிருக்கணும்னு எழுதி வாங்கினாங்க. பூட்டு இருக்குது, உங்க கைக்கு மட்டுந்தான் திறக்கும்னாங்க. நானும் நம்பிட்டேனுங்க."

"உங்க தப்பு இல்லைங்க டீச்சர்."

"ஸ்கேலுக்கு வெச்ச மாதிரிதானுங்க அதுக்கும் வெச்சேன்" என்றார் டீச்சர்.

சபாபதி காரை வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவர், நாச்சிமுத்துவோடு ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்பதால்தான் இரண்டு தடவை தோற்றார் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

"இன்ஸ்பெக்டர்கிட்டப் பேசிட்டேன். டீச்சர் அஜாக்கிரதையா வெச்சிருந்தாங்கன்னு கேஸ் போடறாங்க. நீ எதையும் சொல்ல வேண்டாம். சொல்லாம இருந்தாப் போதும்."

"சபாபதி, இந்த ஒண்ணு மட்டும் இல்லப்பா. பதினோராயிரமும் திறந்து கெடக்குது."

"எல்லாருமா அந்தக் கண்ணு மேலயே பூசியிருப்பாங்க?"

"நான் பூசியிருக்கறேன். நீ?"

சபாபதி டாஷ்போர்டைத் திறந்து தன் துப்பாக்கியை எடுத்தார். கைப்பிடியில் சந்தனம் வட்டமாக ஒட்டியிருந்தது. அவர் மனைவி வைத்தது. அதை நகத்தால் சுரண்டப் பார்த்தார்.

"சுரண்டிப் பிரயோஜனம் இல்ல. அது ராத்திரியே திறந்திருச்சு."

"எட்டு நாள் பொறு" என்றார் சபாபதி. "எட்டே நாள். ஜெயிச்ச அன்னிக்கே நான் வந்து உம்பக்கத்துல நின்னு சொல்றேன். இப்பச் சொன்னா வட்டம் போச்சு. மறுபடி அதே தாசில்தார், அதே அறிக்கை. உங்கப்பா மாதிரி இன்னும் எத்தன பேரு மண்வெட்டியோட நிக்கணும்?"

"இந்த எட்டு நாள்ல இன்னொரு புள்ள செத்தா?"

"எந்த உரிமைக்கும் ஒரு வெல..." என்று தொடங்கிய சபாபதியால் முடிக்க முடியவில்லை. உள்ளே ஒரு பெண் வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. தாரகையின் அம்மாவை அப்போதுதான் கூட்டி வந்திருந்தார்கள்.

நாச்சிமுத்து அந்தச் சத்தம் ஓயும்வரை காத்திருந்தார். "தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்றவந்தான் சுதந்திரமான மனுசன்னு மேடைக்கு மேடை பேசுனவன் நீ. இப்ப நீயே அவங்களுக்குத் தெரியக் கூடாதுங்கற."

"நான் தடுக்கல" என்றார் சபாபதி. "உனக்குச் சொல்ற உரிமை இருக்குது. ஆனா இருபது வருசம் ஒரு சாயங்காலத்துல போகும். அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்க."

மாலை நான்கு மணிக்கு நாச்சிமுத்து தொழிற்சாலையிலிருந்து நேரலையில் பேசினார். மேசைமேல் தன் துப்பாக்கியையும் ஒரு சந்தனக் கிண்ணத்தையும் வைத்துக்கொண்டார். எங்கே பூசினால், எத்தனை மணி நேரம் போனால், எப்படித் திறக்கும் என்று ஒன்றுவிடாமல் காட்டினார். எங்கப்பாவை நினைத்து நான் எழுதிய விதி இது, தப்பு என்னுடையது, டீச்சருடையது இல்லை என்றார். மூடிக்கிடக்கும் அரசுப் பள்ளியில் நாளையிலிருந்து உட்கார்ந்திருப்பேன், எல்லோரும் துப்பாக்கியைக் கொண்டு வாருங்கள், இலவசமாகப் பூட்டித் தருகிறேன், இனிமேல் செய்வதில் கண் கெட்டால் பூட்டு திறக்காது என்று கும்பிட்டுக் கேட்டார். பேசி முடித்ததும் மனசு லேசாகியிருந்தது. அவரும் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தார்.

மறுநாள் டீச்சரை ஜாமீனில் விட்டார்கள். கருத்துக்கணிப்பில் கட்சி முப்பத்தொரு சதவீதத்துக்கு விழுந்தது. எதிர்த்தரப்பு வேட்பாளர் ஒவ்வொரு தெருவிலும் தாரகையின் படத்தைத் தூக்கிக்கொண்டு போனார். நான் வந்தால் எல்லாத் துப்பாக்கியையும் பறிமுதல் செய்வேன் என்றார். சபாபதி வீட்டை விட்டு வெளியே வரவில்லை. முதல் நாள் இருபத்தாறு பேர் துப்பாக்கியைக் கொண்டு வந்து பூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் பத்தொன்பது பேர். நாச்சிமுத்து தேநீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு லாரி டிரைவரின் மனைவி ஏதோ ஒரு டி.வி. நிகழ்ச்சிக்கு ஃபோன் போட்டுப் பேசினாள். "எங்கூட்டுக்காரர் மாசத்துல இருவது நாள் வெளியூருங்க. அவர் கைக்கு மட்டும் திறக்கற துப்பாக்கி ஊட்டுல இருந்து எனக்கு என்னுங்க பிரயோஜனம்? இத்தன நாளும் கரண்டி மாதிரிதான் கெடந்துச்சு. இப்பத்தான் வழி தெரிஞ்சுது. நான் பூட்டவும் மாட்டேன், எவன் கையிலயும் குடுக்கவும் மாட்டேன்."

அவ்வளவுதான். அடுத்த நாளுக்குள் அதே பேச்சாகிவிட்டது. வயசான மாமியார், கல்லூரி போகும் மகள், தோட்டத்துக் காவல்காரர், ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள், எல்லாக் காரணமும் நியாயமாகத்தான் இருந்தது. நாச்சிமுத்து பேசிய வீடியோவை எச்சரிக்கைப் பகுதியை வெட்டிவிட்டுச் செய்முறை மட்டும் ஒட்டி ஓட விட்டார்கள். சந்தனம் காய்ந்தால் உதிர்கிறது, ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினால் நன்றாக நிற்கிறது என்று எவளோ ஒருத்தி கண்டுபிடித்தாள். பறிமுதல் என்று சொன்னவரின் கூட்டத்தில் பெண்கள் பொட்டு அட்டையை எடுத்துத் தூக்கிக் காட்டினார்கள். மூன்றாம் நாளிலிருந்து பூட்டுவதற்கென்று யாரும் அரசுப் பள்ளிக்கு வரவில்லை. முதல் இரண்டு நாளில் பூட்டிக்கொண்டு போனவர்களில் ஏழு பேர் வந்து, பழையபடியே மாற்றித் தர முடியுமா என்று கேட்டார்கள்.

சபாபதி ஒரு மதியம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பிரச்சாரத்தில் கறுத்துப் போயிருந்தார்.

"நான் ஒரு வார்த்தகூடச் சொல்லல நாச்சி. அவங்களாவேதான் கேக்கறாங்க. கருத்துக்கணிப்பு நாப்பத்தேழு காட்டுது."

"நீ வேண்டாம்னு சொல்லலாமல்ல?"

"என்ன சொல்றது? தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்கன்னோம். தெரிஞ்சுக்கிட்டாங்க. முடிவும் பண்ணிட்டாங்க." அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. பயந்தவர்போல இருந்தார். இருந்தாலும் எழுந்து அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார்.

வாக்கு எண்ணிக்கையன்று பகல் இரண்டு மணிக்கெல்லாம் முடிவு தெரிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு சதவீதம். கடைவீதியில் பட்டாசு வெடித்தது. பட்டாசுதான் என்று தெரிந்தும் ஒவ்வொரு வெடிக்கும் நாச்சிமுத்துவின் தோள் குலுங்கியது. மொத்தம் நாற்பத்தைந்து துப்பாக்கியைப் பூட்டியிருந்தார். கருவியை எடுத்துப் பெட்டியில் வைக்கலாம் என்று எழுந்தபோது வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பின்னால் ஒரு சின்னப் பெண். தாரகையின் அப்பா சென்னியப்பன். அவள் தங்கை மகிழினி.

இந்த நாளை நாச்சிமுத்து எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருந்தார், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்திருந்தார். ஆனால் சென்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க ஒருத்தர்தானுங்க உள்ளதச் சொன்னீங்க. இல்லாட்டி அந்த டீச்சரம்மாவ நானும் திட்டிக்கிட்டே இருந்திருப்பேன்."

சென்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்து, துணிப்பையிலிருந்து ஒரு துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தார். புத்தம் புதியது. கண்ணில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

"முந்தாநேத்து வாங்குனதுங்க. பொட்டு ஒட்டி ஒரு பகல் ஒரு ராத்திரி வெச்சுப் பாத்தேன், திறக்க மாட்டேங்குது."

"புதுசுல மாத்திட்டேங்க. இனிமே திறக்காது." நாச்சிமுத்து அந்தப் பொட்டைப் பிய்த்து எடுத்தார். "யாருக்குங்க திறக்கணும்?"

"இவளுக்குங்க."

மகிழினி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். முன்பல் இரண்டு விழுந்திருந்தது.

"ஆறு வயசுப் புள்ளைங்க அது!"

"பெரியவளுக்கு ஒம்போதுங்க. கையில ஒண்ணும் இல்லாமத்தான நின்னா? எல்லார் ஊட்டுலயும் இப்பத் திறந்து கெடக்குது. இவளும் நாளைக்கு யாராவது ஊட்டுக்கு வெளையாடப் போவா."

"கையில இருந்திருந்தா மட்டும் தாரகை..." என்று நாச்சிமுத்து குரலை உயர்த்தினார். அந்தப் பெயரைச் சொன்னதும் அவருக்கே நாக்குக் கூசியது.

சென்னியப்பனுக்குக் கோபம் வரவில்லை. "தெரியாதுங்க. உங்கப்பா கையில இருந்திருந்தாப் பொழைச்சிருப்பாருன்னு நீங்க நெனச்சீங்கல்லங்க. அது மாதிரிதான் நானும் நெனைக்கறேன்." பிறகு தயங்கிச் சொன்னார். "உங்களால முடியாதுன்னாப் பரவாயில்லைங்க. பழைய துப்பாக்கி ஒண்ணு தர்றேன்னு ஒருத்தர் சொல்லியிருக்கறாரு. பொட்டு ஒட்டுனது. அத வாங்கிக்கறேன்."

முடியாது என்று சொல்ல நாச்சிமுத்துவுக்கு உரிமை இருந்தது. சொன்னால் அந்த வீட்டுக்கு எந்தக் கைக்கும் சுடும் துப்பாக்கி ஒன்று போகும், விளையாட வரும் அத்தனை பிள்ளைகளின் கைக்கும் சுடும். செய்து கொடுத்தால் இரண்டே கைதான், அப்பன் கையும் மகள் கையும். ஆறு வயசுக்குக் கூடாது என்று தடுக்க வட்டத்தில் சட்டம் எதுவும் இல்லை. பிள்ளைக்கு எது நல்லது என்பது பெற்றவர்கள் பாடு. அப்படி எழுதச் சொல்லிக் கட்சி கொடுத்த மனுவில் அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். கடைவீதிப் பக்கம் இன்னொரு சரம் வெடித்து ஓய்ந்தது.

பெட்டியிலிருந்து கருவியை எடுத்தார். துப்பாக்கியை இணைத்தார். திரையில் இரண்டாம் உரிமையாளரின் பெயர் கேட்டது.

"பேரு என்ன கண்ணு?"

"மகிழினி. ஒண்ணாவது."

பெயரை மட்டும் எழுதினார். கண்ணாடித் தட்டில் கையை வைக்கச் சொன்னார். கை மிகவும் சின்னதாக இருந்ததால் கருவி இரண்டு தடவை ஏற்கவில்லை. மூன்றாவது தடவை நாச்சிமுத்துவே அந்தக் கையைப் பிடித்து, விரல்களை விரித்து, பதியும்வரை அழுத்திக்கொண்டிருந்தார்.